மூன்றாவது கை

மனிதனுக்கு வாய்த்த கைகள் இரண்டே. உழுவோன் ஒரு கையால் மேழியையும் மற்றொரு கையால் தாற்றுக்கோலையும் பற்றுகிறான். எழுதுவோன் ஒரு கையால் தாளை அழுத்தி மற்றொரு கையால் எழுதுகிறான். தையற்காரன் ஒரு கையால் துணியை நகர்த்தி மற்றொரு கையால் சக்கரத்தைச் சுழற்றுகிறான். உலகத் தொழில்களுட் பெரும்பாலன இவ்விரு கைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அடங்காத தொழில்களும் சில உண்டு. அவற்றுள் ஒன்று, சர்க்கியூட் போர்டு எனப்படும் மின்சுற்றுப் பலகையில் சிறு உறுப்புக்களை வைத்து ஈயத்தாற் பற்றவைக்கும் தொழில். பலகையைப் பிடிக்க ஒரு கை வேண்டும். துளையிலிட்ட உறுப்பு கீழே விழாமல் தாங்க ஒரு கை வேண்டும். சால்டரிங் அயர்ன் என்று வழங்கும் சூட்டுக்கோலைப் பிடிக்க ஒரு கை வேண்டும். ஈயக் கம்பியை உருகுமிடத்தில் ஊட்ட ஒரு கை வேண்டும். வேலை நான்கு, கை இரண்டு. எஞ்சிய இரண்டிற்கும் மனிதன் யாது செய்கிறான் என்பதைப் பற்றிச் சில கூற விரும்புகிறோம்.

பற்றவைக்கும் தொழில் நம் நாட்டிற்குப் புதிதன்று. பொன்னோடு பொன்னைப் பொருத்துதற்கு இடையே இடும் பொருளைப் பற்றாசு என்றும், ஆசு என்றும் நம் முன்னோர் வழங்கினர். அச்சொல் செய்யுளிலக்கணத்திலும் புகுந்திருத்தலைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். வெண்பாவில் இரண்டாமடியின் தனிச்சொல்லோடு முன்னுள்ள சீர் இயையாது நிற்குமாயின், இடையே ஓரசையேனும் ஈரசையேனும் கூட்டிப் பொருத்துவதுண்டு. அதனை ஆசிடை நேரிசை வெண்பா என்பர். தட்டான் இரு துண்டுகளை ஆசிட்டுப் பொருத்துவது போலப் புலவன் இரு சீர்களைப் பொருத்துகிறான் என்பது கருத்து. 'பொடி வைத்துப் பேசுதல்' என்னும் வழக்கும், பற்றாசுப் பொடியையும் வெண்காரத்தையும் இட்டுக் குழலால் ஊதும் பொற்கொல்லர் பட்டடையிலிருந்தே வந்தது என்பர். ஆசு என்னும் சொல்லுக்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. செவ்வனே இட்டால் பிணைப்பு, பிழைபட இட்டால் குற்றம் என்று ஒரே சொல் இரண்டையும் சுமந்து நிற்கின்றது.

ஆசினை ஊதி உருக்குமுன், பொருத்த வேண்டிய நுண்ணிய துண்டுகள் தத்தம் இடத்தில் அசையாது நிற்றல் வேண்டுமன்றோ? கடுகினும் சிறிய பொன்மணிகளை ஒரு தோட்டின் விளிம்பில் வரிசையாகப் பதிக்கும் பத்தர், அவற்றை எந்தக் கையாற் பிடிப்பார்? ஊதுகுழலின் காற்றே அவற்றை உருட்டிவிடும். இதற்கு நம் நாட்டுப் பொற்கொல்லர் கண்ட உபாயம் குன்றிமணி. நிறைகல்லாகப் பொன்னை நிறுக்க உதவிய அதே வித்தினை அரைத்துப் பசையாக்கி, நுண்ணிய பாகங்களை ஒட்டி நிறுத்துவதற்கும் அவர்கள் பயன்படுத்தினர். தீ வந்து பற்றும்வரை பசை தாங்கும். ஆசு உருகிப் பிடித்தபின் பசை கரிந்து போகும். குன்றிமணியின் உள்ளீடு கொடிய நஞ்சு என்பதும் ஈண்டு நினைவு கொள்ளத்தக்கது. அதனை வாயிலிடலாகாது என்று பத்தர் தம் பிள்ளைகளை எச்சரிப்பர்.

உறுப்பு அசையாது நிற்றல் அத்துணை இன்றியமையாததோ எனின், ஆம் என்போம். மின்னணுத் தொழிலில் நெடுங்காலம் வழங்கிய பற்றாசு, வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்த கலவை 183 பாகை செல்ஷியஸ் வெப்பத்தில் ஒருமிக்க உருகி, அதே வெப்பத்தில் ஒருமிக்க உறையும். 60-க்கு 40 என்னும் கலவையோ ஏறக்குறைய 190 பாகையிலிருந்து 183 பாகை வரை கூழ் போன்ற நிலையிலிருந்து பின்னரே இறுகும். அந்தச் சிறு பொழுதில், அதாவது சூட்டுக்கோலை எடுத்தபின் செல்லும் ஓரிரு விநாடிகளில், உறுப்பின் கால் ஒரு மயிரளவு அசைந்தாலும், உறைந்துகொண்டிருக்கும் ஈயத்துள் கண்ணுக்குத் தோன்றாத வெடிப்புக்கள் உண்டாகும். மேற்பரப்பு பளபளப்பின்றி மணல் தூவினாற்போல் மங்கிக் காணும். இத்தகைய பற்றுதல் அன்றைக்கு வேலை செய்யும். ஒரு வாரமும் செய்யும். பிறகு சூட்டினாலும் அதிர்ச்சியினாலும் வெடிப்பு விரிந்து, ஒருநாள் கருவி ஊமையாகும். தலையில் ஒரு தட்டுத் தட்டினால் மீண்டும் பாடும் ரேடியோப் பெட்டிகளை நாம் கண்டிருக்கிறோமல்லவா? அவற்றுட் பலவற்றின் நோய் இதுவே.

இவற்றையெல்லாம் நாம் முதன்முதல் அறிந்தது புத்தகத்தாலன்று. விக்கிரமங்கலத்தில் நம் அத்தையாரின் கணவர் நடத்திவந்த சிறு கடையினால். விக்கிரமங்கலம், 2007-ஆம் ஆண்டு பெரம்பலூரினின்று மீண்டும் பிரிந்த அரியலூர் மாவட்டத்து ஊர். இன்று அம்மாவட்டத்தின் பெயரைச் சொன்னால் பலர்க்கும் சிமெண்டு ஆலைகளும் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலுமே நினைவுக்கு வரும். நமக்கோ, கடைத்தெருவில் எட்டடிக்கு ஆறடி அளவுள்ள ஓர் அறையும், அங்கே எரியும் பிசினின் நறும்புகையும், திருச்சி வானொலியின் செய்தி முழங்கும் மரப்பெட்டியுமே நினைவுக்கு வருகின்றன. அத்திருச்சி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி தொடங்கியது என்று மாமா வருபவர்க்கெல்லாம் சொல்லுவார். தம் தொழிலின் பிறந்தநாள் அதுவே என்பது அவர் எண்ணம்.

மாமா தொழில் கற்றது வால்வு ரேடியோக்களில். அக்காலத்துப் பெட்டிகளில் இப்போதுள்ளது போன்ற பலகை இல்லை. தகட்டுச் சட்டத்தில் வரிசையாகக் கொக்கிகள் இருக்கும்; ரெஸிஸ்டரின் கம்பியையோ கண்டென்ஸரின் கம்பியையோ கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றி, குறட்டால் இறுக்கி, அதன்பின்னரே ஈயமிடுவர். "பிடிப்பது கம்பியின் வேலை, மாப்பிள்ளை, ஈயத்தின் வேலை மின்சாரத்திற்கு வழிவிடுவது. பிடிக்கும் வேலையையும் ஈயத்தின் தலையிற் சுமத்தாதீர்" என்று அவர் குருநாதர் கூறியதை நமக்கும் கூறுவார். அந்த முறையில் மூன்றாவது கை வேண்டியதில்லை. சுற்றிய கம்பியே தன்னைத்தான் தாங்கிக்கொள்ளும்.

பலகை வந்தபின் நிலைமை மாறிற்று. வியன்னாவிற் பிறந்து 1936-ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குக் குடியேறிய பால் ஐஸ்லர் என்பவர், செப்புத் தகட்டில் கம்பிவழிகளை அச்சிடும் முறையைக் கண்டு, 1943-ஆம் ஆண்டு அதற்கு உரிமை கோரி விண்ணப்பித்தார். அச்சிட்ட சுற்றுக்கள் இரண்டாம் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளின் முனையிலிருந்த ரேடியோக் கருவிகளிற் பயன்பட்டுப் போருக்குப்பின் வீட்டுச் சாமான்களுக்கும் வந்து சேர்ந்தன. கம்பிகளின் சிக்கல் ஒழிந்தது. ஆனால் உறுப்பைப் பலகையின் மேற்புறத்தில் துளையிலிட்டு, கீழ்ப்புறத்தில் ஈயமிட வேண்டியதாயிற்று. ஈயமிடப் பலகையைக் கவிழ்த்தால் உறுப்பு விழுகிறது. விழாமற் பிடித்தால் கோலுக்கும் ஈயத்துக்கும் கை போதவில்லை.

விக்கிரமங்கலத்துக் கடையில் மூன்றாவது கையாக விளங்கியவர் நம் அத்தையார். சமையல் முடிந்து பிற்பகலில் கடைக்கு வந்து, ஒரு முக்காலியிலமர்ந்து, சாமணத்தால் உறுப்பைப் பிடித்துக்கொள்வார். மாமா ஒரு கையாற் கோலும் மற்றொரு கையாற் கம்பியும் கொண்டு ஈயமிடுவார். அத்தையார் மூச்சையும் அடக்கிக்கொண்டு அந்தத் துளி ஈயத்தையே நோக்கியிருப்பார். உருகிய ஈயம் கண்ணாடி போல் ஒளிரும். உறையும் கணத்தில் அவ்வொளி ஒரு நிழல் கடந்தாற்போல் மாறும். அதைக் கண்டவுடன் "அடங்கிற்று" என்பார். அச்சொல் வரும்வரை மாமா இமையையும் அசைக்கமாட்டார். அத்தையார் ஆங்கில எழுத்து அறியாதவர். டயோடு இன்னது, டிரான்ஸிஸ்டர் இன்னது என்று கூறத் தெரியாதவர். ஆயினும் ஈயம் உறையும் கணத்தை அவரைப்போல் அறிந்தவரை நாம் எந்தச் சோதனைச்சாலையிலும் கண்டதில்லை. பலகை சூடேறி விரல் கன்றிய நாட்களிலும் அவர் பிடியை விட்டதில்லை. கடையின் பெயர்ப்பலகையில் மாமாவின் பெயர் மட்டுமே இருந்தது. ஊராரும் அவர் கைராசியையே மெச்சினர்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தையார் காலமானார். அதன்பின் ஒரு விடுமுறையில் நாம் ஊருக்குச் சென்றபோது கண்ட காட்சி நம்மைத் திடுக்கிடச் செய்தது. மாமா இடக்கையால் உறுப்பையும் பலகையையும் சேர்த்துப் பிடித்து, வலக்கையிற் கோலைக் கொண்டு, ஈயக் கம்பியைப் பல்லிடுக்கிற் கடித்துக்கொண்டு குனிந்து ஈயமிட்டுக்கொண்டிருந்தார். இது அவர் ஒருவரின் பழக்கமன்று. தனியே வேலை செய்யும் மெக்கானிக்குகள் பலரிடத்தும் உண்டு. மூன்றாவது கை கிடைக்காதபோது வாய் கையாகிறது.

அதனாலும் பயன் விளையவில்லை. எழுபதைக் கடந்த அவர் இடக்கையில் இலேசான நடுக்கம் ஏற்பட்டிருந்தது. அவ்வூர்க் கரும்புக் குடியானவர் ஒருவர் தம் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பலகையை ஒரே மாதத்தில் மூன்றாம் முறையாகக் கொண்டுவந்தார். அவர் சினந்து பேசவில்லை. "பரவாயில்லை ஐயா, பயிர் காய்கிறது. இம்முறை அரியலூரிற் காட்டிக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பலகையைத் திருப்பி எடுத்துச் சென்றார். மாமா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தொழிலை மறந்தேனில்லை, மாப்பிள்ளை. பிடிப்பதற்கு ஆளில்லை" என்றார்.

அவ்விடுமுறை முழுவதும் நாம் அவருக்கு ஆள் தேடவில்லை; பிடிப்பு ஒன்று தேடினோம். ஒரு சாண் நீளமுள்ள கனத்த தேக்குப் பலகைத் துண்டில் இரண்டு கெட்டியான செப்புக் கம்பிகளை நட்டு, அவற்றின் முனைகளில் முதலைவாய்க் கவ்விகளைப் பொருத்தினோம். கம்பியை வேண்டியவாறு வளைக்கலாம். வளைத்த இடத்தில் அது நிற்கும். ஒரு கவ்வி மின்சுற்றுப் பலகையின் ஓரத்தைக் கடித்துக்கொள்ளும். மற்றொன்று உறுப்பின் காலைக் கடித்துக்கொள்ளும். வெப்பம் தாங்காத மென்மையான உறுப்புக்களில், ஈயமிடும் இடத்திற்கும் உறுப்பின் உடலுக்கும் நடுவே கவ்வியை மாட்டினால், அது பிடிப்பதோடு சூட்டையும் உறிஞ்சி உறுப்பைக் காக்கும்.

எல்லாவற்றிற்கும் கவ்வி வேண்டுவதில்லை என்பதும் வேலை செய்யச் செய்ய விளங்கிற்று. துளையிலிட்ட ரெஸிஸ்டரின் இரு கால்களையும் கீழ்ப்புறத்தில் சற்றே வெளிநோக்கிச் சாய்த்துவிட்டால், பலகையைக் கவிழ்த்தாலும் அது விழாது. உறுப்புக்களை அவற்றின் உயரம் பார்த்து முறைப்படுத்துவதும் நல்ல உபாயம்: படுத்துக் கிடக்கும் ரெஸிஸ்டரும் டயோடும் முதலில்; ஐ.ஸி.க்கான சாக்கெட்டுகள் அடுத்து. நிமிர்ந்து நிற்கும் கண்டென்ஸர்கள் இறுதியில். ஒரே உயரமுள்ளவற்றை இட்டு, அவற்றின்மேல் அட்டையொட்டிய நுரைப்பஞ்சு ஒன்றை வைத்து அழுத்திக் கவிழ்த்தால், மேசையே கையாகி அவை அனைத்தையும் தாங்கும். பல கால்களையுடைய ஐ.ஸி. சாக்கெட்டாயின் எதிர்மூலைக் கால்கள் இரண்டிற்கு மட்டும் முதலில் ஈயம் தொட்டு வைக்க வேண்டும். பிறகு நிமிர்த்திப் பார்த்து, சாய்ந்திருந்தால் விரலால் மேலிருந்து அழுத்திக்கொண்டு அத்துளியை மீண்டும் உருக்கினால் அது படிந்து நிற்கும். அதன்பின் ஏனைய கால்களுக்கு ஈயமிடலாம். அழுத்தும் விரல், உருகும் காலைத் தீண்டலாகாது. துணி உலர்த்தும் மரக் கவ்வி, ரப்பர் வளையம், காகித ஒட்டுநாடா ஆகியவை கூடச் சமயத்தில் உதவின. இவற்றிற்கெல்லாம் ஆன செலவு, ஒருவர் அரியலூர் சென்று வரும் பஸ் கட்டணத்தைவிட அதிகமன்று.

மாமா இவற்றை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. முதலைவாய்க் கவ்வியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரி, மாப்பிள்ளை. இதற்கு 'அடங்கிற்று' என்று சொல்லத் தெரியுமா?" என்றார். அதற்கு நாம் விடை கூறவில்லை. கூறத்தக்க விடை ஒன்றும் இருந்ததில்லை. மறுநாள் அவரே ஒரு பழைய எமர்ஜென்ஸி விளக்கின் பலகையைக் கவ்வியில் மாட்டினார். இரு கைகளும் விடுபட்டன. நடுங்கும் இடக்கையின் மணிக்கட்டை மேசையிலூன்றி, ஈயக் கம்பியைப் பல்லிலன்றி விரலிற் பிடித்தார். ஈயம் உருகிப் பரவி ஒளிர்ந்தது. கோலை எடுத்தார், காத்திருந்தார். பின்னர், எவர்க்கும் சொல்லாத மெல்லிய குரலில், "அடங்கிற்று" என்று தாமே கூறிக்கொண்டார். அன்று முதல் ஒவ்வொரு பற்றுதலுக்கும் அச்சொல்லைச் சொல்லியே அடுத்ததற்குச் செல்கிறார்.

இப்பிரச்சினை சிறுகடைக்கே உரியது என்று எண்ணற்க. நம் தமையனார் மகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றிற் சில காலம் பணிபுரிந்தவள். நோக்கியா நிறுவனம் 2006-ஆம் ஆண்டு அங்கே ஆலை தொடங்கி 2014-ஆம் ஆண்டு உற்பத்தியை நிறுத்தியதும், பின்னர் வேறு நிறுவனங்கள் அப்பகுதியிற் பெருகியதும் யாவரும் அறிந்ததே. அவள் ஊருக்கு வந்திருந்தபோது மாமா, "அங்கே லட்சக்கணக்கிற் செய்கிறார்களே, அத்தனையையும் யார் அம்மா பிடிக்கிறார்கள்?" என்று வினவினார். "பசை பிடிக்கிறது, தாத்தா" என்றாள் அவள்.

உண்மை அதுவே. இக்காலத்துச் செல்போன் முதலியவற்றில் துளையும் இல்லை. உறுப்புக்குக் காலும் இல்லை. ஒரு மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமுமுள்ள உறுப்புக்கள் பலகையின் மேற்பரப்பிலேயே அமர்கின்றன. துளைகளிட்ட மெல்லிய எஃகுத் தகட்டைப் பலகைமேல் வைத்து, பற்றாசுப் பொடி கலந்த பசையை அதன்மேல் வழித்தால், வேண்டிய இடங்களில் மட்டும் பசை படியும். இயந்திரம் உறுப்பை எடுத்துப் பசைமேல் வைக்கும். பசையின் ஒட்டும் தன்மை அதனைத் தாங்கும். பலகை சூளையினூடே மெல்லச் செல்லும்போது பொடி உருகும். உருகிய ஈயத்தின் பரப்பிழுவிசை, சற்றுக் கோணலாக வைத்த உறுப்பையும் தானே இழுத்து நேராக்கும். ஒரு முனை முந்தியும் மறுமுனை பிந்தியும் உருகுமாயின், அவ்விசையே உறுப்பை ஒருபுறமாக இழுத்து நெட்டுக்குத்தாக நிறுத்திவிடும். அதனைத் தொழிற்சாலையார் கல்லறைக்கல் என்பர். நம் நாட்டார் நடுகல் எனலாம். குன்றிமணிப் பசையிட்டுப் பொன்மணிகளை நிறுத்திய பத்தர் அச்சூளையைக் காண்பாராயின், தம் தொழிலையே அங்குக் கண்டு புன்னகை செய்வார் என்பதில் ஐயமில்லை.

நம் கல்லூரி மாணவர் இன்று விளையாட்டாகவும் பாடமாகவும் மின்சுற்றுப் பலகைகளைச் செய்யத் தொடங்கியுள்ளனர். அவர்களுக்கு ஒன்று வற்புறுத்திச் சொல்ல வேண்டும். ஈயக் கம்பியை எக்காரணம் பற்றியும் வாயிற் கவ்வாதீர்கள். சூட்டுக்கோலின் வெப்பத்தில் காரீயம் ஆவியாகி நெஞ்சிற் புகுவதில்லை. எழும் புகை பெரும்பாலும் பிசினின் புகை. அதுவும் நாளடைவில் ஆஸ்துமாவை உண்டாக்க வல்லதாகலின் காற்றோட்டம் வேண்டும். காரீயம் உடலுட் புகும் பெருவழி கையும் வாயுமே. காரீயம் இன்ன அளவுக்குக் கீழ் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. ஐரோப்பிய நாடுகள் 2006-ஆம் ஆண்டு ஜூலை முதல் மின்னணுச் சாமான்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தின. நம் அரசும் 2011-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் அதற்கு வரம்பு வகுத்தது. காரீயம் இல்லாத பற்றாசு ஏறக்குறைய 217 பாகையில் உருகும். கோலுக்குச் சூடு அதிகம் வேண்டும். ஆயினும் சிறு கடைகளின் மேசைகளிற் பழைய கம்பியே இன்னும் மிகுதி. எந்தக் கம்பியாயினும் வேலை முடிந்தவுடன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தீண்டுங்கள்.

இன்னுமொன்று. வாயிற் கவ்வாதே என்று ஒருவனுக்குச் சொல்லுவது எளிது. அவன் கைகள் இரண்டும் நிறைந்திருக்கும்போது அவ்வுரை அவன் செவியில் ஏறாது. அவனுக்கு ஒரு பிடிப்பைச் செய்து கொடுத்துவிட்டுப் பின்னர்ச் சொல்லுங்கள். நம் ஊர்களில் இத்தகைய கடைகள் பல உள்ளன. அங்கே தனியே குனிந்திருக்கும் முதியோரும் உள்ளனர். விடுமுறைக்குச் செல்லும் மாணவர், ஒரு தேக்குத் துண்டும் இரண்டு கவ்வியும் கொண்டு அரைநாளிற் செய்யத்தக்க உதவி இது. விக்கிரமங்கலத்துக் கரும்புக் குடியானவர் இப்போது மீண்டும் மாமாவிடமே வருகிறார். அவர் பலகை இரண்டு கோடைகளைக் கடந்து ஓடுகின்றது. அத்தையார் அமர்ந்த முக்காலியின்மேல் அந்தத் தேக்குப் பலகை இருக்கின்றது. வேறெங்கும் வைக்க மாமா உடன்படவில்லை.